பதினாலாம் கேள்வி

சாவி தர மாட்டேன். உட்காரும்.

அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காரும். உம்முடைய பட்டியலில் நாற்காலி பன்னிரண்டு என்று இருக்கும். பதினொன்றுதான் உருப்படி. உடைத்தது யார் என்று ஒரு கட்டம் இருந்தால் என் பெயரைப் போடும். உத்தரவு வந்த அன்றைக்கு நான்தான் தூக்கிச் சுவரில் அடித்தேன்.

ஹாலைப் பூட்ட வேண்டும், சாமானை எண்ண வேண்டும், சாவியை வாங்கிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். அதுதானே உமக்குச் சொல்லியனுப்பியது? சாவி இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. நான் பேசி முடித்த பிறகு கேளும். மணி நாலரை. ஐந்துக்கு ஆட்கள் வருவார்கள். இன்றைக்கு வியாழன். கூட்டம் கிடையாது என்று செல்வின் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான். ஆனாலும் வருவார்கள். வந்து படியில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். இரண்டு வாரமாக அப்படித்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இந்தக் கூட்டத்து ஆள் இல்லை. நான் லாரி டிரைவர். முப்பத்திரண்டு வருஷம் நேஷனல் பர்மிட் வண்டி. தூத்துக்குடியில் உப்பு ஏற்றினால் நாக்பூர், ராய்ப்பூர், கட்டாக். இங்கே எனக்கு வேலை கதவைத் திறப்பது, டீ போடுவது, எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுப்பது. பெயர் குருசுமுத்து. அந்தப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. சாவி அண்ணாச்சி என்று கேளும், துறைமுகம் வரைக்கும் சொல்வான்.

டிரைவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிறீரா? வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்காதீர்.

வியாழக்கிழமை ஏன் என்று தெரியுமா? கீழே டயர் கடை. மற்ற நாளில் சம்மட்டிச் சத்தம். வியாழன் கடைக்கு லீவு. மெதுவாகப் பேசினாலும் காதில் விழும். இந்த ஆட்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள். முதல் நாலு வாரம் பேசவே மாட்டார்கள். ஆணோடு போகிற ஆண் என்று தெரிந்தால் ஊர் என்ன செய்யும் என்று அவனவனுக்குத் தெரியும். பாதிப் பேருக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், பிள்ளை இருக்கிறது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். டீயை வாங்குவான், குடிப்பான், போவான்.

செல்வின் விட மாட்டான். அவன்தான் கூட்டம் நடத்துகிறவன். அவனும் இவர்களில் ஒருத்தன், அதை மறைக்கிற ஆள் இல்லை. ஒரு மரச்சாமான் வைத்திருக்கிறான், ஆணுறை மாட்டிக் காட்ட. உம்முடைய பட்டியலில் அது எந்தப் பெயரில் இருக்கிறது? "செயல்முறை விளக்க மாதிரி". நல்ல பெயர். நாங்கள் அதற்கு "தலைவர்" என்று பெயர் வைத்திருக்கிறோம். தலைவர் மேடைக்கு வந்தால்தான் கூட்டம் சிரிக்கும். சிரித்த பிறகுதான் பேசும்.

அப்புறம் நாடகம். இரண்டு பேரை எழுப்பி விடுவான். ஒருத்தன் கூப்பிடுகிறவன், இன்னொருத்தன் போகிறவன். போகிறவன் "உறை இல்லாம வேண்டாம்" என்று சொல்லிப் பழக வேண்டும். நாலு வார்த்தை கூட இல்லை. உமக்கு வாயில் வரும். சொல்லிப் பாரும், பிரியமானவனிடம், அவன் முகத்தைப் பார்த்து. அப்போது தெரியும்.

காசிலிங்கம் என்று ஒருத்தன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். இரண்டு ஆள் சுமையை ஒருத்தனாக எடுப்பான். இந்த வார்த்தை மட்டும் அவனுக்கு வாயில் வராது. ஐந்து வாரம் எழுந்து நிற்பான், வேர்ப்பான், உட்காருவான். மற்றவன் எல்லாம் கேலி. "ஏலே, வாயில என்ன மூட்டையா வச்சிருக்க?" ஆறாவது வாரம் நின்றான். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னான். ஹாலே கைதட்டியது. அடுத்த திங்கள் தானே போய் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தான். இருக்கிறது என்று வந்தது. அழவில்லை. வியாழன் வந்து எல்லார் முன்னாலும் சொன்னான். மாத்திரை எடுக்கிறான். எடை ஏறியது.

அவன் அந்த வார்த்தையைச் சொன்ன அன்றைக்கு நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கையில் கொட்டிவிட்டது. டீ சூடு, கண் கலங்கிவிட்டது.

இதுதான் கூட்டம். இதை அளக்கத்தான் போன ஆவணியில் ஒருவர் வந்தார்.

மதிப்பீடு என்றார். நல்ல மனுஷர்தான், கோபம் அவர் மேல் இல்லை. இல்லை, அவர் மேலும்தான். கட்டுக்கட்டாக ஃபாரம் கொண்டு வந்தார். இருபத்தெட்டு கேள்வி. கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் இவன் எப்படி இருந்தான், வந்த பிறகு எப்படி இருக்கிறான். முன்கணக்கு செல்வின் எடுத்தது. அவன் கேட்பது நேர்க்கேள்வி. "மூணு மாசத்துல எத்தனை பேர்கூடப் படுத்த?" இரண்டு, மூன்று, ஒருத்தன் ஏழு. முடிந்தது. பின்கணக்கு இந்த ஃபாரம்.

வந்ததும் செல்வினை வெளியே போகச் சொன்னார். நடத்துகிறவன் பக்கத்தில் இருந்தால் ஆட்கள் அவன் மனம் கோணாமல் பதில் சொல்வார்களாம். சரி. பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாதே, யார் படித்துக் காட்டுவது? என்னைப் பார்த்தார்.

"நீங்க இங்க ஸ்டாஃபா?"

"இல்ல."

"குரூப்ல மெம்பரா?"

"இல்ல."

"அப்ப நீங்கதான் சரியான ஆளு. ஸ்டாஃபோ மெம்பரோ படிக்கக் கூடாது, அது விதி. நீங்க படிச்சுக் காட்டுங்க. புரியலன்னா விளக்குங்க."

விளக்கினேன். அதற்குத்தான் இப்போது நீர் வந்து உட்கார்ந்திருக்கிறீர்.

பதினாலாம் கேள்வி எனக்கு மனப்பாடம். "கடந்த மூன்று மாதங்களில் தங்களுக்கு எத்தனை கூட்டாளிகள் இருந்தனர்?" பதினைந்து: "அவர்களுள் எத்தனை பேருடன் பாதுகாப்பான முறையைக் கையாண்டீர்கள்?" பார்த்தீரா? தங்களுக்கு! மூட்டை தூக்குகிறவனைத் தங்களுக்கு என்கிறான். படுத்தாயா என்று கேட்க வாய் கூசுகிறது. உறை என்று எழுதக் கை கூசுகிறது. கூட்டாளி, பாதுகாப்பு, முறை, கையாண்டீர்கள். ஏ, நோய் கூசிக்கொண்டா வருகிறது?

இந்த ஊரில் கூட்டாளி என்றால் யார் தெரியுமா? கூட வேலை செய்கிறவன். கூட டீ குடிக்கிறவன். கூட மீன் பிடிக்கப் போகிறவன். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் செத்தாலும் கூட்டாளிதான். சென்னையில் ஏசி போட்டு உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இது தெரியுமா? ஒரு நாள் இங்கே வந்து, ஒரே ஒருத்தனிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பத்தொன்பது பேர். ஒருத்தன் பின் ஒருத்தனாகக் கூப்பிட்டேன். "எத்தனை கூட்டாளி?" விரல் விட்டு எண்ணினார்கள். பந்தலடியில் நாலு, கிரேன் பக்கம் ஆறு, சர்ச்சில் பாட்டுக் குழு எட்டு. ஒருத்தன் வந்து, "அண்ணாச்சி, சண்டை போட்டுப் பேசாம இருக்கவனையும் சேக்கணுமா?" என்றான். "சேர்த்துக்க, நாளைக்குப் பேசிருவ," என்றேன். காசிலிங்கம் நாற்பத்து மூன்று. அவன் கேங்கில் மொத்தமே நாற்பத்து நாலு பேர்.

சிரிக்காதீர். அன்றைக்கு நாங்களும் சிரித்தோம்.

பதினைந்துக்கு வந்தேன். "பாதுகாப்பான முறைன்னா என்ன அண்ணாச்சி?" என்கிறான். "பயந்து சூதானமா இருக்கறதுதாம்லே. கூட்டாளிகிட்ட என்னத்துக்குப் பாதுகாப்பு? இல்லைன்னு போடு," என்றேன். எல்லாருக்கும் இல்லை. பத்தொன்பது பேருக்கும் பூஜ்யம்.

நாலு மாசம் கழித்து அறிக்கை வந்தது. இங்கிலீஷில். செல்வின் நின்றுகொண்டே படித்தான். எங்களுக்குத் தமிழில் சொன்னான். கூட்டத்துக்கு வருவதற்கு முன்னால் ஆளுக்கு மூன்று பேர். வந்த பிறகு ஆளுக்கு இருபத்தாறு பேர். ஒருத்தனோடும் உறை கிடையாது. ஆகவே இந்தக் கூட்டம் பயன் தரவில்லை, தீங்கு தந்திருக்கவும் கூடும், நிறுத்திவிடலாம். தீங்கு! ஏ தம்பி, காசிலிங்கம் மூன்று மாசத்தில் நாற்பத்து மூன்று பேரோடு போனான் என்று ஒரு படித்த மனுஷன் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவன் மூட்டை எப்போது தூக்குவான்? சோறு எப்போது தின்பான்? ஒருத்தருக்காவது சந்தேகம் வர வேண்டாமா? வராது. இவனுங்க அப்படித்தான் இருப்பானுங்க என்று முதலிலேயே மனதில் இருந்தால் எந்த எண்ணும் உண்மை மாதிரிதான் தெரியும்.

செல்வின் மூன்று கடிதம் போட்டான். சொல் தவறிவிட்டது, மறுபடி கேளுங்கள் என்று. என்ன பதில் தெரியுமா? "வினாக்கள் நடுநிலையான நபரால் உள்ளூர் வழக்கில் விளக்கப்பட்டன." நடுநிலையான நபர் யார்? நான்.

போன வாரம் காசிலிங்கத்தை மீன் மார்க்கெட் வாசலில் பார்த்தேன். "மாத்திரை வாங்கப் போனியாலே?" என்றேன். போகவில்லையாம். "ஏன்லே?" "கூட்டந்தான் இல்லையே அண்ணாச்சி." "கூட்டத்துக்கும் மாத்திரைக்கும் என்னலே சம்பந்தம்? ஆஸ்பத்திரி பூட்டவா செஞ்சிட்டான்?" அவன் சொன்னான்: "வியாழக்கிழம பத்துப் பேரு கேப்பாவ, சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு. இப்ப யாரு கேக்கா?"

இதை எழுதும். உம்முடைய ஃபாரத்தில் இதற்குக் கட்டம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதும். ஹாலைப் பூட்டினால் அவன் மாத்திரையை நிறுத்துவான். நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கண்ணால் பார்த்தவன். மாத்திரை இல்லாத காலத்தில் பார்த்தவன்.

யாரையா? ஒருத்தன். ராயப்பன் என்று பெயர். என் வண்டியில் இரண்டாவது டிரைவர்.

லாங் ரூட்டுக்கு இரண்டு டிரைவர் வேண்டும். ஒருத்தன் ஓட்டினால் ஒருத்தன் தூங்குவான். இருபத்தாறு வருஷம் ஒரே கேபின். வண்டி மாறியது, ஓனர் மாறினார், நாங்கள் மாறவில்லை. எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அவள் எட்டு மாசத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். டிரைவர் பொழைப்பு அவளுக்கு ஒத்துவரவில்லை. ராயப்பன் கல்யாணமே செய்யவில்லை. சோறு அவன் பொங்குவான், மீன் நான் கழுவுவேன். ஸ்டேப்னி டயர் மாட்ட அவனுக்கு வராது. பாட்டும் வராது, ஆனாலும் பாடுவான். அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பதில் இருமல். டிபி என்றார்கள். அப்புறம் டிபி மட்டும் இல்லை என்றார்கள். வார்டில் ஓரமாகப் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரி, எது என்று கேட்காதீர். உள்ளே போகச் சீட்டு வேண்டும். ஜன்னலில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான்.

"நோயாளிக்கு நீ யாரு?"

"கூட்டாளி."

"சொந்தமா?"

"சொந்தம் இல்ல. கூட்டாளி."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். நோட்டில் எழுதினான். தலைகீழாக இருந்தாலும் நான் படித்துவிட்டேன். "உடன் வேலை செய்பவர்." "சொந்தக்காரங்க மட்டுந்தான் உள்ள. அப்படிப் போயி நில்லு," என்றான்.

நின்றேன். நாலு நாள் வராண்டாவில் நின்றேன். அவனுடைய தம்பி ஊரிலிருந்து வந்தான், பன்னிரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காதவன். அவனுக்குச் சீட்டு கிடைத்தது. ஐந்தாம் நாள் காலையில் மூடிக்கொண்டு வந்தார்கள். அந்தத் தம்பி முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேனில் ஏற்றினான். எனக்கு இடம் இல்லை என்றான். ராயப்பன் செருப்பு வண்டியிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனேன் இல்லையா, செருப்பு போடவில்லை. இப்போதும் வீட்டில் இருக்கிறது.

எனக்கு மூன்று தடவை டெஸ்ட் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று டாக்டருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

என்ன பார்க்கிறீர்? குடியும், தண்ணீர். எனக்கு வேண்டாம், நீர் குடியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. செல்வினிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஃபாரம் படிக்கும்போது முதல் ஆளாக வந்த காசிலிங்கம் ஒன்று கேட்டான். பதினாலாம் கேள்வியைப் படித்தேன். உடனே எண்ணவில்லை அவன். என் பக்கம் குனிந்தான். "அண்ணாச்சி, இவிய கேக்கது சும்மா கூட்டாளியா? இல்ல, அந்தக் கூட்டாளியா?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. படிக்கத் தெரியாதவன், அவனுக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "எந்தக் கூட்டாளிலே? கூட்டாளின்னா ஒண்ணுதான். கூட வேலை செய்யறவன், கூட டீ குடிக்கறவன். வாய மூடிட்டு எண்ணிச் சொல்லு," என்று கத்தினேன். ஹாலுக்கே கேட்டது. அதற்கப்புறம் எவன் கேட்பான்? பத்தொன்பது பேரும் எண்ணினார்கள்.

ஜன்னலில் இருந்தவன் என்ன எழுதினானோ அதையே நான் சொன்னேன். ஒரு எழுத்து மாறாமல்.

உத்தரவு வந்த அன்றைக்குக் காசிலிங்கம் என்னைப் பார்த்தான். சொல்லியிருக்கலாம். "அண்ணாச்சிதான் அப்படிச் சொன்னாரு" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை அந்தப் பயல். நாற்காலியை உடைத்தது அதனால்தான்.

சரி, பையைத் திறக்கிறீரா. நாற்காலி எண்ணவா? இல்லை? வேறென்ன அது? ஃபாரம். வெற்று ஃபாரம் வைத்திருக்கிறீர். முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நானும் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன்.

மறுபடி கேட்கிறீரா? அதற்கு உமக்கு அதிகாரம் உண்டா? சென்னையில் பேசிப் பார்க்கிறீரா? சரி. பேசிப் பார்ப்பதற்கு முன்னால் இதை எழுதும்: "விளக்கம் சொன்னவர் தெரிந்தே தவறாகச் சொன்னார்." தெரிந்தே என்கிற வார்த்தையை விடக் கூடாது. கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். நடுநிலையான நபர் என்று அடைப்புக்குள் போடாதீர். போட்டால் கிழித்துவிடுவேன்.

இப்போது ஒரு ஃபாரம் எனக்கு. ஆமாம், எனக்குத்தான். மற்றதை விடும். பதினாலைப் படியும். சத்தமாகப் படியும், டயர் கடை இன்றைக்கு லீவு.

கடந்த மூன்று மாதம் இல்லை. அதை அடியும். இருபத்தாறு வருஷம் என்று போடும். கட்டத்தில் இடம் இல்லையென்றால் ஓரத்தில் எழுதும். எத்தனை?

ஒன்று.

பெயர் எழுதக் கூடாதா? எழுதும். ராயப்பன். "ரா" நெடில்.

பதினைந்து. அந்தக் கூச்சம் பிடித்த வார்த்தையை விட்டுவிட்டு நேராகக் கேளும். உறை போட்டீரா என்று கேளும். கேட்டுவிட்டீரா? இல்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஹால் இல்லை, ஒரு வியாழக்கிழமை இல்லை, சொல்லிப் பழக ஒருத்தன் இல்லை. இல்லை என்று போடும்.

சத்தம் கேட்கிறதா, படியில்? செருப்பை இழுத்து நடக்கிறவன் காசிலிங்கம். பின்னால் இரண்டு பேர். ஐந்து ஆகவில்லை, அதற்குள் வந்துவிட்டார்கள். செல்வினுக்கு நீர் போன் போடும், நான் கதவைத் திறக்கிறேன்.

ஃபாரத்தை என்னிடம் ஏன் நீட்டுகிறீர்? நான் படித்துக் காட்ட முடியாது தம்பி. உங்கள் விதிதான். கூட்டத்து ஆள் படிக்கக் கூடாது.